யார் வீட்டுப் பிள்ளை?

மலர்க் குழுவினர் என்னிடம் வந்து, "வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதுங்கள் சார், ஆனால் பாடப் புத்தகம் மாதிரி இருக்க வேண்டாம்" என்றார்கள். நம் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்துவிட்டு, முப்பத்து மூன்று வருடம் அரசுப் பள்ளிகளில் அதே வரலாற்றை நடத்திப் பிழைத்தவனிடம் இப்படிக் கேட்பது கொஞ்சம் கொடுமைதான். ஆகவே பாடப் புத்தகம் கேட்காத ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஒரு குடும்பம் ஒரு சபைக்குள் புதிதாக நுழையும்போது அதை யார் வரவேற்றார்கள், என்ன கேட்டு வரவேற்றார்கள், எங்கே உட்கார வைத்தார்கள்? நான் லுத்தரன் சபையைச் சேர்ந்தவன். எனக்குத் தெரிந்த சபையை வைத்தே சொல்கிறேன். மற்ற நண்பர்கள் தங்கள் தங்கள் கோயிலையும் பள்ளிவாசலையும் வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

1706 ஜூலை 9 என்ற தேதி நம்மில் பலருக்கு மனப்பாடம். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய ஜெர்மானியர்கள் இருவர், பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளூட்சோவும், தரங்கம்பாடியில் வந்திறங்கிய நாள். அச்சுக்கூடம், 1715-ல் முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு, பள்ளிக்கூடங்கள் என்று தேர்வில் ஒரு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். அடுத்த ஆண்டு நடந்ததை நாம் எழுதியதில்லை. 1707 மே 12 அன்று முதல் ஞானஸ்நானம் நடந்தது. பெற்றவர்கள் ஐந்து பேர். ஐந்து பேருமே தரங்கம்பாடியில் இருந்த ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களுக்குப் பாடம் சொன்ன மொழி தமிழ்கூட அல்ல, அந்த வீடுகளில் புழங்கிய போர்த்துகீசியம். 

ஐந்து பேருக்கும் வீடு என்று ஒன்று கிடையாது. யார் மகன், யார் பேரன், எந்தத் தெரு என்று கேட்டால் சொல்ல அவர்களிடம் பதில் இருந்திருக்காது. எசமானின் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். தமிழ் லுத்தரன் சபையின் முதல் வரிசை இதுதான். இதை ஒரு பக்கம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது எதற்கு இந்தப் பழங்கதை என்று கேட்பீர்கள். காரணம் ஒரு இளம் குடும்பம். கணவர் நம் கல்லூரி மாணவர், எனக்கு நாற்பது வருடம் இளையவர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்த வேலையில் இருந்தார். மனைவிக்குத் திருவாலங்காடு ஒன்றியத்தில் பள்ளி வேலை கிடைத்ததும் அரக்கோணம் பக்கம் வேறு வேலை தேடிக்கொண்டு, இரண்டு வயதுப் பெண் குழந்தையோடு திருவாலங்காட்டில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். சொந்த ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கம். சங்கத்தின் விலாசப் புத்தகத்தில் என் எண்ணைப் பார்த்துவிட்டு ஒரு நாள் பேசினார். "சார், இங்க நம்ம சபை எங்க சார் இருக்கு? ஞாயித்துக்கிழமை வந்தா என்னமோ மாதிரி இருக்கு."

திருவாலங்காட்டில் நின்றுகொண்டு லுத்தரன் சபை எங்கே என்று கேட்பதே ஒரு விசேஷம். இரத்தின சபை இருக்கும் ஊர் அது. காரைக்கால் அம்மையார் தலையாலே நடந்து வந்து, ஆடுகிற கூத்தனின் காலடியில் இடம் பெற்ற தலம். காரைக்காலுக்கும் தரங்கம்பாடிக்கும் அதிக தூரமில்லை. "உங்க ஊர்ப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு முதல்ல வந்தது நீங்க இல்லைப்பா, ரொம்ப நாளைக்கு முன்னாடியே ஒரு அம்மா வந்துட்டாங்க" என்று சொன்னேன். வணிகர் குலத்துப் பெண், கணவன் கைவிட்டு, வீட்டை விட்டு, அழகை உதிர்த்துவிட்டு வந்தவர். வந்தவரை இறைவன் 'அம்மையே' என்று அழைத்தார் என்பது பெரிய புராணம். யார் வீட்டுப் பெண் என்று அங்கே யாரும் கேட்டதாகச் சேக்கிழார் சொல்லவில்லை.

இந்தப் பகுதியின் அரசியல் வரலாறும் சுவையானது. திருவாலங்காடு அன்றைக்குக் கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்தது. பிறகு சித்தூர் மாவட்டத்தில், ஆந்திராவில் இருந்தது. 1960-ல்தான் திருத்தணியோடு சேர்ந்து நம் மாநிலத்துக்கு வந்தது. ஆகவே லுத்தரன் வரைபடத்திலும் இது எல்லைப் பகுதிதான். வடக்கே சூலூர்பேட்டை, நாயுடுபேட்டை பக்கம் ஹெர்மன்ஸ்பர்க் மிஷனார் 1860-களில் தெலுங்கு சபைகளைத் தொடங்கினார்கள். தெற்கேயும் கிழக்கேயும் லைப்சிக் மிஷனாரின் தமிழ்ச் சபைகள். திருவள்ளூருக்கு மேற்கே உள்ள பாண்டூர் அவர்களுடைய பழைய நிலையங்களில் ஒன்று.

அந்தக் குடும்பத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு சபைக்கு அழைத்துப் போனேன். எந்தச் சபை என்று எழுதப் போவதில்லை, நீங்களும் ஊகிக்க வேண்டாம். ஆராதனை நன்றாக நடந்தது. பழைய ஞானப்பாட்டு ஒன்று பாடினார்கள். அந்த இளைஞர் புத்தகம் பார்க்காமலே பாடியதை முன்வரிசைக் கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முடிந்ததும் ஐயரிடம் அறிமுகம் செய்து வைத்தேன். (வெளியார்க்கு ஒரு குறிப்பு: எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். சீகன்பால்க் ஐயர், சுவார்ட்ஸ் ஐயர் என்று தொடங்கிய வழக்கம். இதை வைத்து நம் விடுதியில் நடந்த வேடிக்கைகளை 1970-களில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.)

அதற்குப் பிறகுதான் வெளியே வேப்ப மரத்தடியில் அசல் அறிமுகம் நடந்தது. ஒரு பெரியவர் அந்த இளைஞரின் தோளில் கை போட்டு, "தம்பி, தரங்கம்பாடி பக்கம்னா எந்த ஊரு? அப்பா பேரு என்ன? ஊர்ல வீடு எந்தப் பக்கம், எந்தத் தெரு?" என்று வரிசையாகக் கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் டெல்டா ஜில்லாவில் பிறந்த எவருக்கும் 'எந்தத் தெரு' என்ற கேள்வி எதைக் கேட்கிறது என்று தெரியும். அந்தப் பிள்ளைக்கும் தெரிந்தது. "பெரிய தெரு ஒண்ணும் இல்லீங்கய்யா, சின்ன ஊருதான்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். பெரியவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. கையை மட்டும் தோளிலிருந்து எடுத்துவிட்டார்.

பெண்கள் பக்கத்தில் வேறு மாதிரி நடந்தது. எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, "எந்த ஊரு கண்ணு நீ? யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்டார். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அப்பா அம்மா சின்ன வயசிலேயே போயிட்டாங்க பாட்டி. நான் மிஷன் போர்டிங்ல வளர்ந்தவ" என்றது. பாட்டி முகம் மலர்ந்துவிட்டது. "அட, நானும் போர்டிங்தான்டி! உக்காரு, உக்காரு" என்று பாயில் நகர்ந்து இடம் கொடுத்தார். போர்டிங்கில் அந்தக் காலத்தில் என்ன குழம்பு, யார் வார்டன், எத்தனை அடி என்று பேச்சு அரை மணி நேரம் ஓடியது.

ஒரே மரத்தடி. ஒரே கேள்விதான், வார்த்தைதான் வேறு. அங்கே அது சல்லடையாக இருந்தது, இங்கே பாயாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பழைய புத்தகங்களை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த இரண்டும் எங்கள் சபைக்குள் எப்போது வந்தன என்று தேடிப் பார்த்தால், இரண்டுமே ஏறக்குறைய ஆரம்பத்திலிருந்தே இருக்கின்றன.

முதலில் பாய். சீகன்பால்கின் பள்ளிகள் 1707-லேயே தொடங்கிவிட்டன. ஏழைப் பிள்ளைகள் அங்கேயே தங்கி, மிஷன் செலவில் உண்டு உடுத்திப் படித்தார்கள். நம் போர்டிங்குகளின் பாட்டனார் அதுதான். கிராமங்களிலிருந்து ஞானஸ்நானம் கேட்டு வரும் குடும்பங்களைத் தரங்கம்பாடியிலேயே சில வாரம் தங்க வைத்து, சாப்பாடு போட்டு, லூத்தரின் ஞானோபதேசத்தைச் சொல்லிக்கொடுத்துத்தான் சேர்த்தார்கள். 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்று பின்னால் வந்த கேலிக்கு இது ஒரு காரணம். ஆனால் கூலிக்குப் போகாமல் வாரக்கணக்கில் உட்கார்ந்து படிக்கும் ஒரு விவசாயக் கூலிக் குடும்பம் எதைச் சாப்பிடும் என்று கேலி செய்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

சேர்ந்தவர்கள் இழந்தவையும் கொஞ்சமல்ல. கணபதி வாத்தியார் என்ற இளைஞர் 1709-ல் ஞானஸ்நானம் பெற்றார். சீகன்பால்குக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் குடும்பம். பெற்றோர் செய்த எதிர்ப்பு சாதாரணமானதல்ல. வீட்டை விட்டு வந்தவனுக்குச் சபை வீடாக இருந்தாக வேண்டும், வேறு வழியில்லை. 1708-ன் கடைசியில் ஒரு நாவிதரின் விதவைக்காக, கடன் வழக்கு ஒன்றில் சீகன்பால்க் தலையிட்டார். தரங்கம்பாடியின் டேனிய அதிகாரியோடு ஏற்கெனவே இருந்த மனத்தாங்கல் இதில் முற்றி, அவரைக் கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்தார்கள். மிஷனரி வரலாறுகளில் அவருடைய சிறைவாசத்தைப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அந்த விதவையின் பெயரை யாரும் எழுதவில்லை.

1716-ல் சீகன்பால்க் ஐரோப்பாவிலிருந்து திரும்பியபோது மணமாகி, மனைவி மரியா தொரத்தேயாவோடு வந்தார். அந்த வகையில் இந்தச் சபைக்குப் புதிதாக அறிமுகமான இளம் குடும்பங்களில் சீகன்பால்கின் குடும்பமும் ஒன்று. மூன்றாவது ஆண்டில், 1719 பிப்ரவரியில், அவர் இறந்துபோனார்.

இனி சல்லடை. சீகன்பால்க் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபரில் பிரதிஷ்டை ஆனது. இன்றும் தரங்கம்பாடி ராஜ வீதியில் டேனிய அரசரின் முத்திரையோடு நிற்கிறது. சுற்றுலா போகும் மாணவர்கள் முகப்பில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே போய் அதன் அமைப்பைப் பாருங்கள். சிலுவை வடிவம். அந்தக் கைகளில் சாதி வாரியாகச் சபையார் தனித்தனியே உட்கார்ந்தார்கள். வேளாளர் முதலான சாதியார் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம். ஒரே கூரை, ஒரே பிரசங்கம், நடுவில் இடைவெளி. ஐந்து அடிமைகளோடு தொடங்கிய சபையில், ஒரு தலைமுறைக்குள் யார் எங்கே உட்காருவது என்பது வழக்கமாகிவிட்டது.

இதற்கு விலை கொடுத்தவர்களில் எனக்கு மறக்க முடியாதவர் இராஜநாயக்கன். தஞ்சை மன்னரின் படையில் சேர்வைக்காரர். பறையர் குலத்தில், தலைமுறை கத்தோலிக்கராகப் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ச் சுவிசேஷப் புத்தகம் கையில் கிடைத்து, அதைப் படித்து, 1720-களின் கடைசியில் லுத்தரன் சபைக்கு வந்தார். படை வேலையை விட்டுவிட்டு உபதேசியார் ஆனார். 1771-ல் இறக்கும் வரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் தஞ்சைச் சீமையில் சபைகளைக் கட்டியவர்.

1733 டிசம்பர் 28 அன்று முதல் தமிழ்ப் போதகராக ஆரோன் அபிஷேகம் பெற்றார். கடலூர்க்காரர், வேளாளர், பழைய பெயர் ஆறுமுகம். நல்ல மனிதர், தகுதியுள்ளவர், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 1741-ல் இரண்டாவதாகத் தியாகு வந்தார். இராஜநாயக்கனுக்கு அந்த அங்கி கடைசி வரை கிடைக்கவில்லை. உழைப்பையும் பக்தியையும் மிஷனரிகளே வாயாரப் புகழ்ந்திருக்கிறார்கள். ஆனால் அவர் கையால் நற்கருணை கொடுத்தால் மேல்சாதிச் சபையாருக்கு அந்தத் திருவிருந்தின் மேலேயே மதிப்புக் குறைந்துவிடும் என்று தயங்கினார்கள். எத்தனையோ குடும்பங்களைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு வந்து அறிமுகம் செய்தவர் அவர். அவரை முழுதாக ஏற்றுக்கொள்ளச் சபைக்கு மனம் வரவில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. 

நம் மாவட்டத்துக்கு வருவோம். நம் பக்கத்தில் லுத்தரன்கள் முதலில் பெருங்கூட்டமாக வந்து தங்கிய இடம் பழவேற்காடு என்றே நினைக்கிறேன், அதுவும் அகதிகளாக. 1728-ல் பெஞ்சமின் சூல்ட்சே சென்னையில் மிஷனைத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்தவர் பெப்ரீசியஸ். தமிழ் வேதாகமத்தைத் திருத்தியவர், 1779-ல் அகராதி வெளியிட்டவர், நாங்கள் இன்றும் பாடும் ஞானப்பாட்டுகள் பலவற்றை ஜெர்மனிலிருந்து தமிழாக்கியவர். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கறுப்பர் பட்டணத்தில் இருந்த மிஷன் இடம் பாழாயிற்று. பெப்ரீசியஸ் சபையாரில் ஒரு பகுதியையும் பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போனார்.

பழவேற்காடு அப்போது டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. கெல்டிரியா கோட்டை அவர்களுடையது. அவர்களும் புராட்டஸ்டண்டுகள்தான், ஆனால் லுத்தரன்கள் அல்ல, கால்வினின் வழி வந்தவர்கள். நற்கருணையைப் பற்றி இந்த இரண்டு கட்சிக்கும் ஐரோப்பாவில் இருநூறு ஆண்டுச் சண்டை. மூட்டை முடிச்சோடு, குழந்தைகளோடு, கடற்கரை வழியாக வந்து நின்றவர்களிடம் பழவேற்காட்டுக்காரர்கள் அந்தச் சண்டையை எடுக்கவில்லை. இடம் கொடுத்தார்கள். 1749-ல் சென்னை மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் திரும்பிப் போனவர்களுக்கு வேப்பேரியில் ஆலயம் கிடைத்தது. 1758-ன் கடைசியில் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது மறுபடியும் பழவேற்காடுதான் தஞ்சம். பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போகும் நம் மாணவர்கள் டச்சுக் கல்லறைகளின் மண்டை ஓட்டுச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, மீன் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இந்தக் கதையையும் யாராவது அங்கே நின்று சொன்னால் நன்றாக இருக்கும்.

அடுத்த நூற்றாண்டில் சல்லடை பெரும் சண்டையாக வெடித்தது. தரங்கம்பாடி மிஷன் தளர்ந்து, தஞ்சை, வேப்பேரிச் சபைகள் ஆங்கிலேயத் திருச்சபையின் நிர்வாகத்துக்குப் போயிருந்த காலம். புதிதாக வந்த பாதிரிமார் சாதிவாரியாக உட்காருவது கூடாது, ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்றார்கள். எங்கள் வீடுகளில் கீர்த்தனை தந்த மகாகவி என்று கொண்டாடப்படும் வேதநாயகம் சாஸ்திரியாரே 1820-களில் வேளாளர் பக்கம் நின்று எழுதினார். அவருடைய பாட்டைப் பாடாமல் எனக்கு ஒரு பண்டிகையும் கழியாது. இருந்தாலும் இந்த விஷயத்தில் நான் அவர் கட்சி அல்ல. 1833-ல் கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபைக்குள் அடியோடு ஒழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் வேளாளர் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறின.

வெளியேறியவர்கள் எங்கே போனார்கள்? 1840-களில் ஜெர்மனியிலிருந்து வந்த லைப்சிக் மிஷனாரிடம், அதாவது எங்களிடம். சாதி என்பது சமூக வழக்கம், போதனையால் மெதுவாகத்தான் கரையும் என்பது அவர்கள் தலைவர் கார்ல் கிரவுலின் கொள்கை. ஆகவே கதவு திறந்திருந்தது. புரசைவாக்கத்தில் எழுந்த லுத்தரன் ஆலயத்துக்கு அடைக்கலநாதர் ஆலயம் என்று பெயர். அருமையான பெயர். ஆனால் அன்றைக்கு அங்கே அடைக்கலம் தேடி வந்தவர்களில் பலர், மற்றவர்களோடு சேர்ந்து உட்காரச் சொன்னதிலிருந்து தப்பித்து வந்தவர்கள். வரலாறு இப்படியெல்லாம் விளையாடும். மிஷனரிகளில் கிரவுலின் கொள்கையை எதிர்த்தவர்களும் உண்டு, அதற்காக மிஷனை விட்டே போனவர்களும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் காட்சி மாறுகிறது. 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சம் செங்கல்பட்டு ஜில்லாவின் சேரிகளைச் சூறையாடியது. அப்போது திருவள்ளூர் தாலுகா செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. அந்த ஜில்லாவின் ஆட்சியர் டிரமன்ஹீர் 1891-ல் பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அனுப்பிய அறிக்கையைப் பட்ட வகுப்பு மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். குடியிருக்கும் குடிசை மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் காலி செய்யச் சொல்லலாம் என்ற நிலையை அவர் எழுதினார். அதன் பலனாக 1892-ல் வந்த அரசாணையில்தான் இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லும் நில ஒதுக்கீடு தொடங்கியது. இந்த மக்களிடையேதான் நம் வட்டாரத்தில் பல மிஷன்களும் வேலை செய்தன. லைப்சிக் மிஷனாரும் அவர்களில் ஒருவர். பள்ளிக்கூடமும் போர்டிங்கும் வந்தன. சொந்தமாக மனைகூட இல்லாதவனுக்கு, பெயரும் தகப்பன் பெயரும் பிறந்த தேதியும் மையால் எழுதப்பட்ட முதல் புத்தகம் பல வீடுகளில் சபையின் ஞானஸ்நானப் பதிவேடாகத்தான் இருந்திருக்கும். மரத்தடிப் பாட்டி வந்தது இந்த வழியாக.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போரில் ஜெர்மானியர்களை ஆங்கில அரசு வெளியேற்றியது. சுவீடன் மிஷனார் பொறுப்பை ஏற்றார்கள். 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாக உருவானது. முதல் பேராயர் ஏர்னஸ்ட் ஹியூமன், 1921-ல், சுவீடன்காரர். அந்த இருக்கையில் ஒரு தமிழர் உட்கார 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் இராஜா பி. மாணிக்கம். ஆரோன் போதகரானதிலிருந்து கணக்குப் போட்டால் 223 ஆண்டுகள்.

இதற்கிடையில் டெல்லியிலிருந்து இன்னொரு சல்லடை வந்தது. 1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவரின் ஆணைப்படி, இந்து மதத்தைச் சேராத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார்கள். 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியேதான். தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு இதைப் பரிசீலிக்க முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒரு ஆணையம் அமைத்தது. சேரித் தெருவில் குடியிருப்பவனைச் சபைக்குள் பெரியவர் 'எந்தத் தெரு' என்று கேட்பார். தாலுகா ஆபீஸில் போய் நின்றால், உனக்கு ஏது அந்தத் தெரு, நீதான் கிறிஸ்தவன் ஆயிற்றே என்பார்கள்.

அந்த இளம் தாய் என்னிடம் கேட்டதும் இதுதான். சபையில் பெயர் பதிவதற்கு முந்தின வாரம், பழைய சபையின் ஐயர் கொடுத்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், எங்க பாப்பா பேரை இந்த நோட்டுல எழுதினா, நாளைக்கு அவளுக்கு இதனால நல்லதா கெட்டதா?" என்றது. கணவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் என்றே சான்றிதழ் வாங்கியவர்கள், அதனால் சட்டப்படி அவர்களுக்குப் புதிதாக எதுவும் மாறப் போவதில்லை. இதைச் சொன்னேன். ஆனால் அந்தப் பெண் கேட்டது சட்டம் மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் 1707-ல் பெயர் எழுதிக்கொண்ட ஐந்து பேரின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்களும் போர்டிங்தான் போல" என்றது. முப்பத்து மூன்று வருடம் பாடம் நடத்தியும் இப்படி ஒரு வரி எனக்கு வாய்த்ததில்லை.

குழந்தையின் பெயர் பதிவாகிவிட்டது. பாட்டி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பாயில் இடம் பிடித்து வைக்கிறார். பெரியவரும் அந்தத் தம்பியும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்கிறார்கள், அதற்கு மேல் பேச்சு இல்லை.

மாணவர்களுக்கு ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். தரங்கம்பாடி மிஷனரிகளின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் தமிழ் ஓலைச்சுவடிகளும் ஜெர்மனியில் ஹாலே நகரின் பிராங்கே நிறுவன ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நம் வட்டாரச் சபைகளின் பழைய பதிவேடுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நான் பார்த்தவற்றில் சில கரையான் அரித்துவிட்டன, சில மழையில் நனைந்து தாளோடு தாள் ஒட்டிக்கொண்டன. திருவள்ளூர், திருவாலங்காடு, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கத்து நண்பர்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டனார் காலத்து ஞானஸ்நானச் சீட்டு, போர்டிங் சான்றிதழ், சபை மாற்றுக் கடிதம், பஞ்சமி நிலப் பட்டா, எந்த மதத்தாருடையதானாலும் சரி, ஏதாவது இருந்தால் சங்கமத்தன்று கையோடு கொண்டு வாருங்கள். வரலாற்றுத் துறை மாணவர்கள் இரண்டு பேர் முன்வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். படமெடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குள் தாளை உங்கள் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.